யாரும் வாங்காத வாயு: மட்டாஞ்சேரியில் மூன்று நாள்

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரிக்குப் போனேன். ஊர் சுற்றப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீன வலைக்குப் பின்னால் சூரியன் விழும் படத்தைத் தேடி வந்தவர்கள் வேறு பதிவுக்குப் போய்விடலாம். என் சித்தப்பா மகன் செல்வம் அங்கே ஏசி மெக்கானிக். கம்பத்திலிருந்து பதினெட்டு வயதில் போனவன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். புதன்கிழமை போன் செய்து, "அக்கா, நீ காலேஜுல எடுக்கிற அந்தச் சட்டம் இங்க எனக்கு ஏதாச்சும் உதவுமா? ஒரு தடவை வந்து பேசிப் பாரேன்" என்றான். கோவையில் ஒரு சட்டக் கல்லூரியில் பருவநிலை மாற்றம் பற்றிய சர்வதேசச் சட்டம் நடத்துகிறேன். பரீட்சைக்கு உதவுமா என்று கேட்டவர்கள் உண்டு. வாழ்க்கைக்கு உதவுமா என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

கோவையில் காலை ஆறே காலுக்கு ரயில். எர்ணாகுளம் வடக்கு ஸ்டேஷனில் பத்தரைக்கு இறங்கினேன். சுமார் இருநூறு கிலோமீட்டர். உட்காரும் வகுப்புக்கு நூற்றுச் சொச்சம்தான் ஆகிறது, பாலக்காட்டில் ஏறும் கூட்டத்தைச் சகித்துக்கொண்டால் போதும். ஸ்டேஷனிலிருந்து ஹைகோர்ட் படகுத்துறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகில் நாற்பது ரூபாய் கொடுத்தேன். ரோட்டில் போனால் தோப்பும்படி நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும். படகுக்கு அதில் பாதிகூட ஆகவில்லை.

படகுக்குள் ஏசி ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அங்கே அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களில் வெள்ளையாக இருப்பவை பெரும்பாலும் குளிர்பெட்டிகள். உள்ளே இறால் உறைந்து கிடக்கும். கொச்சியில் விலை போகிற எதையும் குளிர வைத்தே வைத்திருக்கிறார்கள். இறாலும் அப்படித்தான், டூரிஸ்டும் அப்படித்தான். செல்வத்துக்கு வேலை இல்லாத நாளே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை கிடையாது, யூதர் கோயிலும் கிடையாது. இரண்டு வாசலிலும் பூட்டைப் பார்த்துவிட்டு, எரிச்சலில் தொப்பி வாங்கிக்கொண்டிருந்த ஒரு மதுரைக் குடும்பத்தைத் தாண்டிக் கூவப்பாடம் பக்கம் நடந்தேன். பதினைந்து நிமிட நடை. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் இஞ்சி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மட்டும் எந்தக் கிழமையும் லீவு விடுவதில்லை.

செல்வத்தின் கடை ஒரு பழைய கிடங்கின் முன்பக்கம். உள்ளே பிரித்துப் போட்ட ஏசிகள், செப்புக் குழாய்ச் சுருள்கள். பின்சுவர் ஓரமாக ஏழு சிலிண்டர்கள், இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம், தலைப்பகுதி மட்டும் மஞ்சள். என் தம்பி அவற்றைக் கையால் தடவிக் காட்டினான். பிள்ளைகளின் மார்க்கைச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றின் எடையையும் சொன்னான்.

விஷயம் இதுதான். பழைய ஏசியைக் கழற்றும்போது அதற்குள் ஒரு கிலோ அளவுக்குக் குளிர்வாயு இருக்கும். ஊரில் முக்கால்வாசி மெக்கானிக்குகள் குழாயை வெட்டிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வாயு காற்றோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவை விட ஆயிரத்தெண்ணூறு மடங்கு, சில ரகம் இரண்டாயிரம் மடங்கு கெட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குச் செல்வம் போனான். வெளியே விடாதீர்கள், மெஷின் வைத்து உறிஞ்சிச் சிலிண்டரில் பிடியுங்கள் என்று சொன்னார்கள். ஒரு சிலிண்டரும் இனாமாகக் கொடுத்தார்கள். வந்த முப்பது பேரில் மற்றவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இவன் நம்பிவிட்டான். மெஷினைக் கடன் போட்டு வாங்கினான். மேற்கொண்டு ஆறு சிலிண்டரும் பழையதாகப் பார்த்து வாங்கினான். அன்றிலிருந்து கழற்றிய ஒவ்வொரு ஏசிக்கும் அரை மணி நேரம் கூடுதலாக நின்று வாயுவைப் பிடித்திருக்கிறான். பிடித்ததை யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று பயிற்சியில் சொல்லவில்லை. கேட்டதற்கு, வருவார்கள் என்றார்களாம்.

யாரும் வரவில்லை. இப்போது கட்டடத்தின் சொந்தக்காரர் ஹம்சா கிடங்கைக் காப்பிக் கடைக்கு விட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இடம் காலியாக வேண்டும். செல்வத்துக்குக் கிடைத்திருக்கும் புதுக் கடை வீடுகளுக்கு நடுவில் ஒரு பொந்து. சிலிண்டர் என்றதும் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். நல்லவர் ஹம்சா, எங்களுக்குச் சாயா வரவழைத்தார். ஆனால் சிலிண்டர்களிலிருந்து நாலடி தள்ளியே நின்றார்.

"செல்வா, மூணு கொல்லம் ஞான் ஒண்ணும் மிண்டிட்டில்ல. இனி காப்பிக் கடை. இது பொட்டித் தெறிச்சா ஆரு சமாதானம் பறயும்?"

"பொட்டாது ஹம்சா இக்கா. நான் பொறுப்பு."

"நீயல்லே முதல்ல பொட்டுன்னது!"

வெடித்தால் யார் பதில் சொல்வது, முதலில் வெடிக்கப்போவதே நீதான் என்கிறார். மூன்று வருஷம் வாயைத் திறக்காத மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சாயாவைக் குடித்துக்கொண்டே என் தம்பிக்குச் சட்டம் சொன்னேன். இந்தக் குளிர்வாயுக்களுக்கென்று மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது, அதற்கு மேல் கிகாலி திருத்தம் இருக்கிறது. நாட்டில் தயாரிப்பது எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்று கூட்டி, ஏற்றுமதியைக் கழிப்பார்கள். வருகிற எண்ணுக்கு நுகர்வு என்று பெயர். அந்த நுகர்வை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உண்மையிலேயே நல்ல சட்டம். ஓசோன் படலம் தேறி வருவதற்கு அது ஒரு காரணம், வகுப்பில் நான் பெருமையோடுதான் சொல்வேன். ஆனால் அதன் கணக்குப்படி, வாயு விற்பனைக்கு வந்த அன்றைக்கே நுகர்ந்து தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் அது ஏசிக்குள் இருந்தாலும், செல்வத்தின் சிலிண்டருக்குள் இருந்தாலும், ஆகாயத்துக்குப் போனாலும் அந்தக் கணக்கில் ஒரு கிராம்கூட மாறாது. சரி, பாரிஸ் ஒப்பந்தம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆர்-22 மாதிரிப் பழைய வாயுக்களை, அது மான்ட்ரியல்காரர்கள் பொறுப்பு என்று பருவநிலை ஒப்பந்தங்கள் தங்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்களைக் கேட்டால் இவர்களைக் காட்டுவார்கள், இவர்களைக் கேட்டால் அவர்களை.

செல்வம் சிலிண்டர்களைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இது இல்லவே இல்லையாக்கா?"

"சட்டத்துக்கு இல்லை."

"இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதே!"



மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டோம், நூற்று முப்பது ரூபாய், காரம் சரியாக இருந்தது. சாப்பிட்ட கையோடு ஒரு சிலிண்டரைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இடப்பள்ளிக்குப் புறப்பட்டோம். பழைய வாயுவைச் சுத்தம் செய்து விற்கும் ஒரு கம்பெனி அங்கே இருப்பதாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். பதினாறு கிலோமீட்டர், ஆட்டோவுக்குப் போக வர எழுநூறு. வழியெல்லாம் என் தம்பிக்கு நல்ல உற்சாகம். "எடுத்துக்கிட்டா போதும்க்கா. சும்மாவே கொடுத்துடறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவன் மாதிரி வெளுத்த சட்டை வேறு போட்டிருந்தான்.

கம்பெனியின் மேனேஜர் ஒரு மலையாளிப் பெண். கோவையில் படித்தவராம், தமிழ் நன்றாக வந்தது. சிலிண்டரை மரியாதையாகவே இறக்கச் சொன்னார். சின்னக் கருவி ஒன்றைக் குழாயில் மாட்டி, திரையைப் பார்த்தார். மறுபடியும் மாட்டிப் பார்த்தார்.

"சேட்டா, இதுல நாலு வகை கேஸ் இருக்கு."

"ஆமா மேடம்" என்றான் செல்வம், பெருமையாக. "எல்லாம் ஏசி கேஸ்தான். பழசு, புதுசு, ஒண்ணையும் விடலை. ஏழு சிலிண்டர்லயும் இப்படித்தான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"தனித்தனியா கொண்டு வந்திருந்தா சுத்தம் பண்ணித் திருப்பி விக்கலாம். கலந்துட்டா பிரிக்க முடியாது. புரொப்பேன் வேற காட்டுது, அது தீப்பிடிக்கும். இதை எங்க டாங்க்ல ஒரு கிலோ விட்டாலும் டாங்க் மொத்தமும் வீணாப் போயிடும் சேட்டா."

இந்தத் தவறைச் சமையல்கட்டு ஆட்கள் செய்ய மாட்டார்கள். மிச்சச் சாம்பாரையும் மிச்சப் பாயசத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்ற மாட்டோம். ஆனால் பிடிப்பதற்குப் போதுமான சிலிண்டர் இல்லாத ஒரு மெக்கானிக், ஒரு ரகத்துக்கு ஒன்று என்று நாலு சிலிண்டரைக் கால்வாசி நிரப்பி வைப்பானா? அவனுக்கு வாயு என்றால் இரண்டே வகை: வெளியே போனது, உள்ளே பிடித்தது. வெளியே விடாதே என்று பயிற்சியில் சொன்னதை அவன் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தான். கலக்காதே என்றும் சொல்லியிருப்பார்கள், பிரியாணிக்கு முன்னாலோ பின்னாலோ. ஒரே ஒரு சிலிண்டரைக் கையில் கொடுத்துவிட்டுக் கலக்காதே என்று சொல்வது எந்த ஊர் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

"அழிச்சுடலாமே?" என்று கேட்டேன்.

"அழிக்கலாம். அதுக்கான சூளை வெளி மாநிலத்துல. கொஞ்சமா எடுக்க மாட்டாங்க, லாரி லோடு வேணும். லாரி வாடகை, எரிக்கிற கூலி எல்லாம் கொடுக்கறவங்களே கொடுக்கணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அதனாலதான் மேடம் யாரும் இங்கே கொண்டு வர்றதில்ல."

செல்வம் சிலிண்டரைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தான். உதவிக்கு வந்த ஆளை வேண்டாம் என்று கையால் தள்ளினான். மேனேஜர் பெண் வாசல்வரை வந்து, "சாரி சேட்டா" என்றார். அவர் சாரி சொல்ல வேண்டிய விஷயமே இல்லை அது. சாரி சொல்ல வேண்டியவர்கள் இந்நேரம் ஏதோ ஒரு நாட்டில், ஏசி போட்ட அரங்கில், ஒரு வரியில் 'வேண்டும்' என்று போடுவதா 'ஊக்குவிக்கலாம்' என்று போடுவதா என்று விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும் வழியில் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எங்கே கேட்டாலும் இதே பதில்தான் வந்திருக்கும். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். உங்கள் தம்பி தயாரிப்பாளரா என்று கேட்டார். இல்லை. இறக்குமதியாளரா? இல்லை. அப்படியானால் அவருக்கு எந்த விதிமுறையும் இல்லை மேடம், அவர் எதையும் மீறவில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். ஆறுதல் சொல்கிறாராம். மீறாமல் இருப்பதற்குத்தான் ஐயா இந்தப் பாடு என்றேன். அதற்கு ஒரு வரி என் கையில் இருந்த ஒப்பந்த நகலிலும் இல்லை.

அன்று சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். யாராவது தோழிக்குக் கோவையில் கிடங்கு இருக்கிறதா, அங்கே கொண்டுபோய் வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். என்ன வாயு என்று சொல்ல முடியாத ஏழு சிலிண்டரை எந்த ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள். லாரியில் வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் என்ன பதில் சொல்வது? செல்வம் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வெளிய விட்டவன் யாருக்கும் ஒரு கஷ்டமும் வரலக்கா. பிடிச்சு வச்சேன் பாரு, எனக்குத்தான் இடம் இல்ல, ஆள் இல்ல, எல்லாம்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து போய், தேவையே இல்லாமல் இரண்டு சாயா வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை இடக்கொச்சிக்குப் போனோம். மட்டாஞ்சேரியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். காயல் ஓரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து திருநெல்வேலிக்காரர், செல்வத்துக்குப் பல வருஷப் பழக்கம். ஏழு சிலிண்டரும் பெட்டி ஆட்டோவில் படுத்துக்கொண்டு வந்தன. அவர் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள இருக்குலா?"

"இருக்கு அண்ணாச்சி."

"காலி பண்ணிக் கொடு, எடுத்துக்கிடுதேன். நெறஞ்சதை நான் வச்சுக்கிட்டு என்னடே செய்ய? எங்கடைக்குத் தீ வச்சுட்டுப் போறியா?"

"நீங்க அப்படியே வச்சிருந்தா, பின்னால யாராச்சும்..."

"யாருடே வருவா?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் காயலைப் பார்த்தேன். அவன் செய்யப் போவதைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் எந்த ஒப்பந்தத்திலும் எனக்கு ஒரு வரி தெரியாது. இருந்தால் அவனைத் தடுத்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

பேச்சிமுத்து பீடியை அணைத்துத் தூரப் போட்டார், ஆட்டோக்காரரையும் தள்ளி நிற்கச் சொன்னார். காற்று காயல் பக்கம் வீசும் இடமாகப் பார்த்து, செல்வம் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தினான். முதல் வால்வைத் திறந்தான். பிரஷர் குக்கர் சத்தத்தை விடக் கொஞ்சம் மெல்லிய சத்தம். வால்வைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்தது. நவம்பர் வெயிலில் இடக்கொச்சியில் பனி. ஆட்டோக்காரர் போனில் படம் எடுத்தார். எழுபது கிலோ இருக்கும் மொத்தமாக. என் கணக்குக்கு நூறு டன் கரியமில வாயுவுக்கு மேல் வருகிறது. என் ஸ்கூட்டரை நானும் என் பேரப்பிள்ளைகளும் ஆயுள் முழுக்க ஓட்டினாலும் அந்தப் புகை வராது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுநடுவே சிலிண்டரைத் தூக்கித் தராசில் வைத்துக் காலியாகிவிட்டதா என்று பார்த்தான். அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லை அவனுக்கு.

பேச்சிமுத்து கொடுத்த பணத்தை எண்ணாமல் பாக்கெட்டில் வைத்தான். மத்தியானத்துக்குள் ஹம்சாவின் கிடங்கு சுத்தமாகிவிட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு, "நன்னாயி மோனே" என்று அவன் தோளைத் தட்டினார்.

இனி, போகிறவர்களுக்கு. மட்டாஞ்சேரிக்குத் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். படகிலேயே போங்கள். பஜார் ரோட்டைக் காலை பத்துக்கு முன்னால் நடந்து பாருங்கள், அதற்கப்புறம் லாரிகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். இரண்டு பேர் தங்க ஏசி இல்லாத அறை தொள்ளாயிரத்துக்குக் கிடைக்கிறது, கொசுவத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய ஏசியை மாற்றப் போகிறீர்கள் என்றால், மெக்கானிக்கிடம் வாயுவை என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிடிக்கிறேன் என்று சொன்னால், ரகத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிடித்ததை எங்கே கொடுப்பார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். என் மாணவர்களில் யாராவது ஒருநாள் அந்த மாநாட்டு அரங்கங்களில் உட்காரக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தயாரிப்பதற்கு ஒரு விதி எழுதினால் திருப்பி வாங்குவதற்கும் ஒரு விதி எழுதுங்கள், அதற்குப் பணம் யார் கொடுப்பது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். தயாரித்து விற்றவனே திருப்பி வாங்கட்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை, சோடா பாட்டிலுக்கு ஒரு காலத்தில் இதைத்தானே செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வம் என்னைப் படகுத்துறையில் விட வந்தான். வழியில் ஒரு ஹோம்ஸ்டேயில் பழைய ஏசி ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது, பத்து நிமிடம் பொறுத்துக்கொள் என்றான். வீட்டுக்காரர் ஜோசப் சேட்டன் வாசலிலேயே என்னிடம் புகார் சொன்னார். போன தடவை உங்கள் தம்பி ஒரு ஏசியைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான், விருந்தாளிகள் காத்துக்கொண்டு நின்றார்கள் என்றார். செல்வம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். மாடிக்குப் போனான். அவன் வண்டியில் மெஷின் இல்லை, சிலிண்டரும் இல்லை. கீழே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், யாரோ பெருமூச்சு விடுகிற அளவு. அவ்வளவுதான், ஏசியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டான்.

ஜோசப் சேட்டனுக்கு ஏக சந்தோஷம். "இத்தற வேகம் கழிஞ்ஞோ?" என்று கேட்டார். இத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று அர்த்தம்.

"கழிஞ்சு சேட்டா" என்றான் என் தம்பி. "இனி எல்லாம் இப்படித்தான்."

மேலே இன்னும் மூன்று அறை ஏசி மாற்ற வேண்டியிருக்கிறது, அதையும் நீயே செய் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.